காவடிக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது

கேள்வி: என் மகளுக்கு இருபது வயது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்து ஆறு மாதம் கீமோ கொடுத்தார்கள், அப்புறம் கழுத்திலும் நெஞ்சிலும் கதிர்வீச்சு. எல்லாம் முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. ஆனால் வெஸ்ட்வில் வார்சிட்டிக்கு (பல்கலைக்கழகத்துக்கு) போய்விட்டு டாக்ஸியில் திரும்பி வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் விழுகிறாள். சில நாள் நன்றாக இருக்கிறாள். அன்றைக்கு வீடெல்லாம் கூட்டித் துடைத்து, துணி துவைத்து, சிநேகிதிகளோடு வெளியே போய் வருகிறாள். அடுத்த மூன்று நாள் எழுந்திருப்பதில்லை. படித்தது மனசில் நிற்கவில்லை என்று அழுகிறாள். அவள் அப்பா, "தள்ளி எழுப்பு, பழகிப்போகும்" என்கிறார். என் நாத்தனார் நேராகவே சோம்பேறி என்று சொல்லிவிட்டாள். டாக்டரிடம் சொன்னால், "ரத்தம் நார்மல், சின்ன வயசு, சரியாகிவிடும்" என்று அனுப்பிவிட்டார். நோய் திரும்ப வந்துவிட்டதோ என்று எனக்கு ராத்திரி தூக்கமில்லை. வரும் தைப்பூசத்துக்கு அவள் காவடி எடுப்பாள் என்று வேறு நேர்ந்திருக்கிறேன். இவளைப் படுக்க விடுவதா, எழுப்பி நடக்க வைப்பதா? அவளுக்குத் தமிழ் படிக்க வராது. நீங்கள் எழுதுவதை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும்.
– தென்னாப்பிரிக்கா, டர்பன், ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் மகள் சோம்பேறி இல்லை. இதை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் வீட்டில் எல்லாரும் இந்த ஒன்றை ஒப்புக்கொண்ட பிறகுதான் நான் சொல்லப்போகும் மற்றதெல்லாம் பலிக்கும். நான் டர்பனில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்கிறேன். புற்றுநோய் சிகிச்சை முடித்த இளம் பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். அவர்களில் பலர் நாற்காலியில் உட்கார்ந்ததும், நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே, "ஆன்ட்டி, நான் சோம்பேறி இல்லை" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். இவ்வளவு பாடுபட்டு எழுந்து வந்த பிள்ளை தன்னைப் பற்றி முதலில் சொல்ல வேண்டிய பேச்சா இது? கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும்.

சிகிச்சை முடிந்த பிறகும் விடாமல் இருக்கும் இந்தக் களைப்பு, மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தொந்தரவு. நாம் வேலை செய்துவிட்டு அலுத்துப்போவது வேறு, இது வேறு. செய்த வேலைக்கும் வருகிற களைப்புக்கும் பொருத்தமே இருக்காது. எட்டு மணி நேரம் தூங்கினாலும் தீராது. கை கால் மட்டும் சோர்வதில்லை. யோசனையும் ஞாபகமும் மனசும் சேர்ந்தே சோரும். 'படித்தது நிற்கவில்லை' என்று அவள் அழுவதும் இதில் சேர்ந்ததுதான்.

இதற்குக் காரணம் ஒன்றல்ல. சிகிச்சை உடம்புக்குள் கிளப்பிவிட்ட அழற்சி சிலருக்கு மருந்து நின்ற பிறகும் முழுசாகத் தணிவதில்லை. படுக்கையில் கிடந்த மாதங்களில் தசை கரைந்துவிடுகிறது. தூங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் குலைந்துபோகின்றன. நோய் திரும்புமோ என்ற பயம் உங்களுக்கு மட்டுமில்லை, அவளுக்கும் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இவையெல்லாம் ஒன்றையொன்று வளர்க்கும். களைப்பாக இருக்கிறதென்று படுக்கிறாள், படுக்கப் படுக்கத் தசை மெலிகிறது, மெலிந்த தசைக்கு மாடிப்படி ஏறுவதே மலை ஏறுவதாகிவிடுகிறது, மறுபடி களைப்பு. பலருக்கு முதல் வருடத்திலேயே இது மெல்ல மெல்லக் குறைந்துவிடும். ஒரு சிலருக்கு வருடக்கணக்கில் இழுக்கும். பதினான்கு மாதம் ஆகியும் இருப்பது அதிசயம் இல்லை. ஆனால் தானாகப் போய்விடும் என்று சும்மா இருக்கும் கட்டத்தை உங்கள் மகள் தாண்டிவிட்டாள்.

உங்களைத் தூங்கவிடாத கேள்விக்கு வருகிறேன். ஸ்கேன் சுத்தமாக இருந்து, வேறு அறிகுறி ஒன்றும் இல்லாமல், களைப்பு மட்டும் இருந்தால், நோய் திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. காரணம் தெரியாத காய்ச்சல், படுக்கை நனைகிற அளவுக்கு ராத்திரி வியர்வை, சாப்பிட்டும் எடை இறங்குவது, கழுத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ புதிதாகக் கட்டி, உடம்பெல்லாம் விடாத அரிப்பு: இவற்றில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் சிகிச்சை கொடுத்த பிரிவுக்கே போய்விடுங்கள். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, படபடப்பு, கால் வீக்கம், மயக்கம் என்றால் அன்றைக்கே போக வேண்டும். இதில் எதுவும் இல்லையென்றால் ராத்திரி நீங்களும் கொஞ்சம் தூங்குங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அவள் தன் நிலைமையைக் கணக்குப் போடுகிறாள்.

அடுத்தது, அந்த 'ரத்தம் நார்மல்'. எந்தெந்தச் சோதனை நார்மல் என்று கேட்டீர்களா? பல நேரம் ஹீமோகுளோபினும் வெள்ளை அணுவும் மட்டும் பார்த்திருப்பார்கள். உங்கள் மகளுக்குக் கழுத்தில் கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள். அதனால் தைராய்டு சுரப்பி மெதுவாகச் சோர்ந்துபோகலாம். சிகிச்சை முடிந்து பல வருடம் கழித்துக்கூட அது நடக்கும். தைராய்டு குறைந்தால் இதே களைப்பு, இதே மறதி, கூடவே எடை ஏறுவது, குளிர் தாங்காமல் போவது, மலச்சிக்கல் எல்லாம் வரும். ஒரு ரத்தச் சோதனையில் தெரிந்துவிடும், மாத்திரையில் சரிசெய்துவிடலாம். அவளுக்கு வருடா வருடம் இந்தச் சோதனை தேவை. கடைசியாக எப்போது எடுத்தார்கள் என்று பாருங்கள்.

ஃபெரிட்டினையும் கேளுங்கள். உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு கையிருப்பு என்று காட்டும் சோதனை அது. மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிற பெண்களுக்கு ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் கையிருப்பு தீர்ந்திருக்கலாம். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்றும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவளிடம் தனியாகக் கேட்டு வையுங்கள், டாக்டர் முன்னால் கூச்சப்படுவாள். பி12, டி வைட்டமின், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் வழக்கமாகச் சேர்த்துப் பார்ப்பவை. நம் நாட்டில் காசநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் சோதிப்பது நடைமுறை. அதைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளத் தேவையில்லை.

ஹாட்ஜ்கினுக்குக் கொடுக்கும் வழக்கமான நாலு மருந்துக் கூட்டில் சிவப்பாக ஒன்று ஏறும், பார்த்திருப்பீர்கள். டாக்ஸோரூபிசின் என்று பெயர். அது இதயத்தைப் பலவீனப்படுத்தக்கூடும். ப்ளியோமைசின் என்ற இன்னொன்று நுரையீரலைத் தொடும். நெஞ்சில் கதிர்வீச்சும் சேர்ந்தால் இரண்டையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் இதயத்துக்கு எக்கோ என்ற ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உடற்பயிற்சி பற்றிப் பேச வேண்டும். அவள் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்றும் எழுதி எடுத்துப் போங்கள். அலர்ஜிக்கு, நரம்பு வலிக்கு, தூக்கத்துக்கு என்று வாங்குவதில் சில பகலெல்லாம் மந்தமாகவே வைத்திருக்கும்.

டாக்டரிடம் 'டயர்டாக இருக்கிறாள்' என்று மட்டும் சொன்னால் அது காதில் நிற்காது. உலகத்தில் எல்லாரும் டயர்டுதான். மகளையே சொல்லச் சொல்லுங்கள்: களைப்பே இல்லாவிட்டால் 0, இதற்கு மேல் முடியாது என்றால் 10, போன வாரம் சராசரியாக எத்தனை? 4-ம் அதற்கு மேலும் என்றால் காரணம் தேடிப் பார்க்க வேண்டும் என்பது புற்றுநோய் மருத்துவர்களே பின்பற்றும் வழிமுறை. கூடவே, களைப்பினால் எது நின்றுபோனது என்று இரண்டு உதாரணம். 'வாரத்துக்கு இரண்டு லெக்சர் போக முடியவில்லை, தலை குளிக்க ஸ்டூல் போட்டு உட்கார வேண்டியிருக்கிறது' என்று சொன்னால் எந்த டாக்டரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

ஒரு வார்த்தை, இது களைப்புக்கு அப்பாற்பட்டது: என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு அளவு, கதிர்வீச்சு எந்த இடத்தில் எவ்வளவு என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். நெஞ்சில் கதிர்வீச்சு பெற்ற பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை மற்றவர்களைவிடச் சீக்கிரமே தொடங்கும். நாளைக்கு அவள் வேறு ஊருக்கு வேலைக்குப் போனாலும் அந்தத் தாள் கூடவே போக வேண்டும்.

சரி, சோதனையெல்லாம் முடிந்து, சரிசெய்யக் கூடியதைச் சரிசெய்த பிறகும் களைப்பு மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படுக்க விடுவதா, நடக்க வைப்பதா என்று கேட்டீர்கள். நடக்க வேண்டும். ஆனால் உங்கள் வீட்டுக்காரர் நினைக்கிற மாதிரி இல்லை.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உபயோகமாக இருந்த வரி, நல்ல நாளில் வீடெல்லாம் துடைத்துவிட்டு மூன்று நாள் படுக்கிறாள் என்பது. இந்த ஏற்ற இறக்கம்தான் பிள்ளைகளைக் கவிழ்ப்பது. நல்ல நாள் வந்ததும், 'அப்பாடா, போய்விட்டது' என்று விட்ட வேலையையெல்லாம் அன்றைக்கே முடிக்கப் பார்ப்பார்கள். வீட்டில் இருப்பவர்களும், 'பார், நன்றாகத்தானே இருக்கிறாய்' என்பார்கள். மறுநாள் உடம்பு கணக்குத் தீர்க்கும். என்னிடம் வந்த ஒரு பையன் சனிக்கிழமை சிநேகிதர்களோடு சாக்கர் ஆடுவான், செவ்வாய் வரைக்கும் படுத்திருப்பான், புதன் வியாழன் கொஞ்சம் தேறுவான், மறுபடி சனிக்கிழமை. மாதக்கணக்கில் இப்படியே. அவனுடைய தாத்தா சனிக்கிழமையை வைத்துப் பேரனை எடைபோட்டார். அவனோ செவ்வாய்க்கிழமையை வைத்துத் தன்னை எடைபோட்டான். இரண்டும் தப்பான தராசு.

ப்ரீபெய்ட் மின்சாரம் வாங்குகிற வீடுகளில், மீட்டரில் எத்தனை யூனிட் மிச்சம் என்று பார்த்துத்தான் கீசரைப் போடுவோம். அடுத்த கூப்பன் வரை ஓட வேண்டுமே என்ற கணக்கு அது. உங்கள் மகளும் தன் நாளை அப்படித்தான் பார்க்கப் பழக வேண்டும். முதலில் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதட்டும்: காலை, மதியம், மாலை, ராத்திரி என்று நாலு நேரமும் என்ன செய்தாள், களைப்பு எத்தனை. ஃபோனிலேயே எழுதினாலும் சரி. அந்த வாரம் எதையும் மாற்ற வேண்டாம். வாரக் கடைசியில் நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து படித்தால், எந்த நேரம் அவளுக்கு நல்ல நேரம், எது அவளை வீழ்த்துகிறது என்று தெரிந்துவிடும். பல பேருக்கு ஆச்சரியமாக இருக்கும். படிப்புதான் களைக்க வைக்கிறது என்று நினைத்திருப்பார்கள். பார்த்தால் மினிபஸ் டாக்ஸியில் நெரிசலில் போய் வருவதும், டாக்ஸி ரேங்க்கில் (நிறுத்தத்தில்) நின்று காத்திருப்பதும்தான் பாதியை எடுத்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் வேலைகளைச் சமப்படுத்துங்கள். நல்ல நாளில் அவள் செய்ய நினைப்பதில் பாதி. மோசமான நாளிலும் எழுந்து குளித்து, உடை மாற்றி, கொஞ்சமாவது நடமாட வேண்டும். வீட்டைத் துடைப்பது ஒரு நாள் ஒரு அறை. காய் நறுக்குவதும் துணி மடிப்பதும் உட்கார்ந்துகொண்டு. கடினமான பாடத்துக்கு அவளுடைய நல்ல நேரத்தை ஒதுக்க வேண்டும். அந்த நேரத்தில் பாத்திரம் கழுவச் சொல்லாதீர்கள். களைத்து விழுந்த பிறகு ஓய்வெடுப்பதைவிட, விழுவதற்கு முன்னால் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்காருவது மேல். சிநேகிதிகளோடு போவதை மட்டும் வெட்டிவிடாதீர்கள். முதலில் வெட்டத் தோன்றுவது அதுதான். இருபது வயசுப் பெண்ணுக்கு அது மருந்து மாதிரி. நாலு மணி நேரத்தை ஒன்றரை மணி நேரமாக்கிக்கொள்ளட்டும்.

இப்போது நடை. 2017-ல் 'ஜாமா ஆன்காலஜி' என்ற மருத்துவ இதழில் 113 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு கட்டுரை வந்தது. புற்றுநோய்க் களைப்புக்கு உடற்பயிற்சியும் மனநல ஆலோசனை முறைகளும் மாத்திரைகளைவிட நன்றாக வேலை செய்கின்றன என்பது அதன் முடிவு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது: வாரத்துக்கு மூன்று நாள், தடவைக்கு அரை மணி நேரம், மிதமான வேகத்தில் நடை மாதிரியான பயிற்சி, குறைந்தது 12 வாரம். கூடவே வாரத்துக்கு இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி.

அரை மணி நேரம் என்று படித்ததும் நாளைக்கே அவளைக் கிளப்பிவிடாதீர்கள். அது போய்ச் சேர வேண்டிய இடம். தொடங்க வேண்டிய இடம், மோசமான நாளிலும் அவளால் முடிகிற அளவு. ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம். வாசலிலிருந்து தெரு முனை வரை போய்த் திரும்புவது போதும். ஃபீனிக்ஸில் மேடும் பள்ளமுமாக இருக்கும், எனக்குத் தெரியும். முதல் சில வாரம் சமதரையாகப் பார்த்து நடக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் நார்த் பீச் நடைபாதைக்குக் கூட்டிப் போங்கள். சமமான தரை, கடல் காற்று, களைத்தால் உட்கார பெஞ்ச். தெருவில் தனியாக நடக்கும் பயம் நம் ஊரில் நியாயமானதுதான். நீங்களோ தம்பியோ கூடப் போங்கள், அல்லது கோயில் வளாகத்தைச் சுற்றி நடக்கட்டும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் போவது நல்லது. வெளிச்சம் கண்ணில் படுவது ராத்திரித் தூக்கத்துக்கும் உதவும்.

வேகத்துக்கு ஒரு சுலபமான அளவு இருக்கிறது: நடக்கும்போது உங்களோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் எட்டிப் போடலாம். பேச்சு திக்கினால் மெதுவாகப் போக வேண்டும். ஒரு வாரம் ஐந்து நிமிடம் சுகமாகப் போனால் அடுத்த வாரம் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கூட்டுங்கள். 'நன்றாக இருக்கிறேன், இன்னும் நடக்கிறேன்' என்பாள். அன்றைக்கு அவளைத் திருப்பிக் கூட்டி வருவதுதான் உங்கள் வேலை. மறுநாள் எழுந்ததும் களைப்பு வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் அந்த வாரம் கூட்டக் கூடாது.

வலுவுக்கு ஜிம் வேண்டியதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, ஐந்து தடவை. பிறகு எட்டு, பிறகு பத்து. சுவரில் கை வைத்துச் சாய்ந்து தள்ளுவது. பீன்ஸ் டின் ஒன்றை ஒவ்வொரு கையிலும் பிடித்து மடக்கி நீட்டுவது. தொடைத் தசை தேறினால் வார்சிட்டிப் படிக்கட்டு தானாகச் சுலபமாகும். கீமோ மருந்தால் விரல் நுனியோ பாதமோ இன்னும் மரத்திருந்தால் என்னைப் போன்ற ஒருவரிடமோ, உடற்பயிற்சியால் சிகிச்சை தரும் பயோகைனட்டிசிஸ்டிடமோ ஒரு தடவை காட்டிவிட்டுத் தொடங்குங்கள். அரசு மருத்துவமனையிலும் பிசியோ பிரிவு இருக்கிறது. டாக்டரிடம் ஒரு ரெஃபரல் கேட்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை. சிறிய வேலைக்குப் பிறகு, அன்றைக்கு நன்றாக இருந்து, அடுத்த ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் வந்த மாதிரி அடித்துப்போட்டுவிடுகிறது, எவ்வளவு குறைத்தாலும் அப்படியே நடக்கிறது என்றால், பயிற்சியைத் தள்ளிக்கொண்டே போகக் கூடாது. நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். அது வேறு வகையாக இருக்கலாம், அதற்கு அணுகுமுறையும் வேறு.

தூக்கத்தைப் பற்றி. வார்சிட்டியிலிருந்து வந்து விழுந்தால் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள்? சாயங்காலம் ஏழு மணிக்கு எழுந்தால் ராத்திரி ஒரு மணி வரை தூக்கம் வராது, ஃபோன் கையில் இருக்கும், காலையில் கண் திறக்காது. பகல் தூக்கம் வேண்டுமென்றால் மூன்று மணிக்கு முன்னால், அரை மணி நேரத்துக்குள், அலாரம் வைத்து. எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் எழுகிற நேரம் ஒன்றாகவே இருக்க வேண்டும், சனி ஞாயிறிலும்தான். எனர்ஜி டிரிங்க் குடிக்கிறாளா என்று பாருங்கள். இந்தப் பிள்ளைகள் பகலில் விழித்திருக்க அதைக் குடித்து, ராத்திரித் தூக்கத்தை அதற்குக் கொடுத்துவிடுகிறார்கள். இதையெல்லாம் செய்தும் தூக்கமின்மை நீடித்தால் மாத்திரைக்கு முன்னால் அதற்கென்று இருக்கும் ஆலோசனைச் சிகிச்சையைக் கேளுங்கள்.

மனசையும் விட்டுவிடக் கூடாது. சிகிச்சை நடக்கும்போது பிள்ளையைச் சுற்றி ஊரே இருக்கும். முடிந்ததும் எல்லாரும் போய்விடுவார்கள். முடி வளர்ந்தாயிற்று, இனி என்ன என்பார்கள். கூடப் படித்தவர்கள் எல்லாம் இரண்டு வருடம் முன்னால் போயிருப்பார்கள். எதிலும் ஆசை இல்லை, தன்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை, இருந்து என்ன பயன் என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அதைக் களைப்பின் கணக்கில் எழுதாதீர்கள். அது மனச்சோர்வு, அதற்குச் சிகிச்சை உண்டு. சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே உதவி தேடுங்கள், தனியாக விடாதீர்கள். வார்சிட்டியிலேயே மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கான்சா என்ற தென்னாப்பிரிக்கப் புற்றுநோய் உதவி அமைப்பின் மூலம் இதே பாதையில் வந்தவர்களோடு பேசவும் வழி உண்டு. இதே நோய் வந்து மீண்ட, தன் வயசுப் பெண் ஒருத்தியோடு அரை மணி நேரம் பேசுவது, நீங்களும் நானும் ஆயிரம் சொல்வதற்குச் சமம்.

சாப்பாட்டில் அதிசய மருந்து ஒன்றும் இல்லை. புரட்டாசியில் வீடு முழுக்க மரக்கறி சாப்பிடுவீர்கள். தவறில்லை, ஆனால் வேளைக்கு வேளை பருப்பு, சுகர் பீன்ஸ், தயிர் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். தசை வளர அது வேண்டும். கீரை சமைக்கும் அன்றைக்குச் சாப்பாட்டோடு டீ குடிப்பதைத் தள்ளிப்போடுங்கள்; டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. அஸ்வகந்தா, லேகியம், ஊரிலிருந்து வந்த பொடி எதையும் டாக்டரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். அஸ்வகந்தா தைராய்டு அளவையே மாற்றக்கூடும், பிறகு சோதனையில் வருவதை நம்ப முடியாது.

வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்: பிள்ளையைத் தள்ளி எழுப்ப வேண்டும் என்ற அவருடைய எண்ணத்தில் பாதி சரி. படுத்தே கிடந்தால் குணமாகாது. அந்தப் பாதியை அவரிடமே ஒப்படையுங்கள். காலையில் அவளோடு நடக்கப் போகிறவர் அவராக இருக்கட்டும். வேகத்தையும் நேரத்தையும் அவள் தீர்மானிக்க வேண்டும், அவர் கூட நடக்க வேண்டும், அவ்வளவுதான். நாத்தனாருக்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். மகள் காதில் விழும்படி ஒரே ஒரு தடவை, 'அவளுக்குச் சிகிச்சையின் பின்விளைவு இருக்கிறது, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார்' என்று சொல்லுங்கள். அம்மா தன் பக்கம் பேசினாள் என்பது அவளுக்குப் போதும். கல்யாணம், பிரேயர் என்று எங்கே போனாலும் ஒரு மணி நேரம், நாற்காலியில் உட்கார்ந்து, பிறகு வீடு.

காவடிக்கு வருவோம். நேர்ந்துகொண்ட அன்றைக்கு உங்கள் மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று எனக்குப் புரிகிறது. அதை லேசாகப் பேச மாட்டேன். ஆனால் நம் ஊரில் தைப்பூசம் கோடையின் உச்சத்தில் வருகிறது. பத்து நாள் விரதம், விடியலுக்கு முன்னால் எழுவது, சுடுகிற தாரில் வெறுங்கால், தோளில் பாரம், கூட்டம், புழுக்கம். நல்ல உடம்புக்காரர்களே மயங்கி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் மகளைக் கேளுங்கள், அவளுக்கு ஆசை இருக்கிறதா என்று. நேர்ந்தது நீங்கள், நடக்கப் போவது அவள். இதுவரை அவளை யாராவது கேட்டார்களா?

ஆசை இருந்தால், நாலு மாதம் நல்ல அவகாசம். 12 வாரப் பயிற்சி அதற்குள் அடங்கிவிடும். பாரமான காவடியும் முழு ஊர்வலமும் வேண்டாம். நீங்கள் காவடியையோ பால்குடத்தையோ எடுங்கள், அவள் கடைசிச் சுற்றில் ஒரு சின்னப் பால் செம்போடு உங்களோடு சேர்ந்து நடக்கட்டும். மரக்கறி விரதம் இருக்கலாம், ஒரு வேளைச் சாப்பாட்டு விரதம் கூடாது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அலகு குத்துவது இந்த வருடம் வேண்டவே வேண்டாம். குருக்களிடம் பேசுங்கள், உடம்பு முடியாதவர்களுக்காகப் பெற்றவர்கள் வேண்டுதலை நிறைவேற்றுவது நம் கோயில்களில் புதிது இல்லை. டிசம்பர் கடைசியில் அவளால் இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் நடக்க முடியவில்லையென்றால் அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். அவளை உங்களுக்குத் திருப்பிக் கொடுத்த முருகனுக்கு ஒரு வருடம் காத்திருக்கத் தெரியாதா?

கடைசியாக, இந்த வாரமே செய்ய வேண்டிய ஒன்று. நவம்பரில் அவளுக்குப் பரீட்சை. சிகிச்சை கொடுத்த மருத்துவரிடம் ஒரு கடிதம் கேளுங்கள்: என்ன நோய், என்ன சிகிச்சை, அதன் பின்விளைவாகக் களைப்பும் கவனக்குறைவும் இருக்கின்றன, பரீட்சையில் கூடுதல் நேரமும் இடையில் ஓய்வும் தேவை என்று எழுதித் தர வேண்டும். வெஸ்ட்வில் வளாகத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான உதவிப் பிரிவு இருக்கிறது. 'எனக்கு ஊனம் ஒன்றும் இல்லையே' என்று உங்கள் மகள் தயங்குவாள். கண்ணுக்குத் தெரியாத நோயின் பின்விளைவும் அவர்கள் பார்ப்பதுதான். லெக்சரைப் பதிவு செய்துகொள்ள அனுமதி, வருகைக் கணக்கில் தளர்வு, அடுத்த வருடம் பாடங்களைக் குறைத்து எடுப்பது எல்லாவற்றையும் அங்கேயே பேசலாம். உங்கள் வீட்டிலோ சொந்தத்திலோ மெட்ரிக் (பள்ளியின் கடைசி வருடம்) படிக்கிற பிள்ளைக்கு இதே நிலை என்றால் பள்ளி மூலமாகக் கல்வித் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு இன்னும் முன்கூட்டியே போக வேண்டும். பரீட்சை அட்டவணை ஒட்டிய பிறகு ஓடினால் எதுவும் நடக்காது. அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் வார்டு சிஸ்டருக்கு ஃபோன் செய்து, கடிதத்துக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். தைராய்டு சோதனைத் தேதியையும் அதே ஃபோனில் கேட்டுவிடலாம்.